பந்து சுடுதா, மேஸ்திரி?

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஆயுத பூஜை முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிகளுக்குள் வாலிபால் போட்டி நடக்கும். எங்களோடுதான் முதல் ஆட்டம் என்று சீட்டு விழுந்தால் எதிர் டீம்காரன் அங்கேயே தேங்காய் உடைக்காத குறைதான். பெயின்ட் கம்பெனி, டயர் கம்பெனி, கண்ணாடிக் கம்பெனி, யார் வந்தாலும் எங்களை அடித்துத் துவைத்துவிட்டுப் போவார்கள். ஒன்பது மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தால் பத்து மணிக்கு நாங்கள் பிரியாணிக் கடை வாசலில் நிற்போம். அந்த நேரத்துக்குக் கடையில் அரிசியே களைந்திருக்க மாட்டார்கள்.

இத்தனைக்கும் நாங்கள் சோப்ளாங்கிகள் இல்லை. இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் வேலை. உலையில் வெந்து சிவந்த இரும்புக் கட்டை உருளைகளுக்கு நடுவில் போய் நசுங்கி, நீண்டு, அந்தப் பக்கம் கம்பியாக மூக்கை நீட்டும். நீட்டிய நொடியிலேயே அதை நீள இடுக்கியால் கவ்வி, திருப்பி, அடுத்த உருளையின் வாய்க்குள் சொருக வேண்டும். நொடி தப்பினால் போச்சு. அந்த வேலையில் எங்கள் ஆறு பேரை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஆனால் அங்கே ஒரு விதி உண்டு. கம்பி நேராக உன் இடுக்கிக்கு வந்தால் பிடி. அரை முழம் தள்ளி வந்தால் கை நீட்டாதே. இடுக்கியைப் போட்டுவிட்டுப் பின்னால் குதி. தள்ளி வருகிற கம்பி வழி தவறிய கம்பி. அது சுருண்டு எந்தப் பக்கம் பாயும் என்று அதற்கே தெரியாது. அப்படிக் கை நீட்டி வாங்கிய தழும்பை எங்கள் மேஸ்திரி, புது ஆள் சேர்ந்த முதல் நாளே லுங்கியைத் தூக்கிக் காட்டிவிடுவார். தழும்பு அவருடைய சொந்தத் தொடையில்தான் இருந்தது.

இந்த விதி எங்கள் எலும்புக்குள் இறங்கிவிட்டது. அதுதான் வினை. கோர்ட்டில் பந்து நேராக நெஞ்சுக்கு வந்தால் அழகாக எடுப்போம். ஒரு அடி தள்ளி வந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் பின்னால் குதிப்போம். யாரும் ஒன்று, இரண்டு சொல்ல வேண்டாம். அப்படி ஒரு ஒற்றுமை! பந்து எங்களுக்கு நடுவில் பொத்தென்று விழுந்து உட்காரும். நாங்கள் சுற்றி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

"இன்னா மேஸ்திரி, பந்து சுடுதா?" என்று எதிர்ப்பக்கம் கத்துவார்கள்.

"யாராச்சும் தண்ணி ஊத்துங்கப்பா, ஆறட்டும்!" என்று இன்னொருவன் எடுத்துக்கொடுப்பான்.

மேஸ்திரிதான் எங்கள் கேப்டன். வயது நாற்பத்தைந்து, வாய்க்கு மட்டும் பதினாறு. "டேய், எங்க மில்லுல வந்து ஒரு மணி நேரம் நில்றா. அப்பால வந்து பேசு," என்பார். பேசி என்ன? பாயின்ட் அவர்களுக்குத்தானே போகும்.

ஒரு வருஷம் எங்கள் மேனேஜருக்கு ரோஷம் வந்துவிட்டது. பக்கத்துக் கம்பெனி மேனேஜர் எங்கேயோ விருந்தில் வைத்து, "உங்க ஆளுங்க வாலிபாலா ஆடறாங்க, பாண்டியா ஆடறாங்க? குதிச்சுக்கிட்டே இருக்காங்களே!" என்று கேட்டுவிட்டாராம். எங்கள் மேனேஜருக்கு வாலிபாலில் தெரிந்தது ஒன்றுதான். ஓங்கி அடித்தால் பாயின்ட். ஆகவே ஓங்கி அடிக்கிற ஒருவனைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார்.

பள்ளிப்பட்டுப் பக்கத்து ஆள். திருத்தணி, பொதட்டூர்பேட்டை, திருவாலங்காடு என்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தத் திருவிழாவில் வாலிபால் நடந்தாலும் இவனை வண்டி வைத்துக் கூட்டிப்போவார்களாம். ஒல்லி, உயரம். குதித்தால் இறங்குவதற்கு யோசிப்பான். எங்கள் ஆந்திர எல்லைப் பக்கத்து வழக்கப்படி யாரைப் பார்த்தாலும் நைனாதான். மேஸ்திரியும் நைனா, நானும் நைனா, கேட்டில் படுத்திருக்கும் நாயும் நைனா. அவனைக் கான்ட்ராக்டில் குடோனில் போட்டார்கள். மேனேஜர் எங்கள் முன்னாலேயே அவனிடம் சொன்னார்: "கப்பு கொண்டா, பர்மனென்ட் ஆர்டர் வாங்கிக்க. கொண்டாரலேன்னா ஆயுத பூஜையோட உன் வேலை முடிஞ்சுது."

அவனுக்கு அந்த ஆர்டர் எதற்கு என்பதை ஒரு வாரத்தில் கறந்துவிட்டோம். அவனுடைய ஊரில் ஒரு பெண். இவனுக்கு அவள் மேல் உயிர், அவளுக்கு இவன் மேல் உயிர். அவள் அப்பாவுக்குத்தான் இவனைக் கண்டால் ஆகாது. "பந்து தட்றவனுக்கு எப்பிடிய்யா பொண்ணு குடுக்கறது? பர்மனென்ட்டுன்னு ஒரு பேப்பரக் காட்டு, தை மாசமே வெச்சுக்கலாம்," என்று சொல்லியிருக்கிறார். காட்டாவிட்டால் தை மாதத்துக்கு வேறு ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தான். அவன் பந்து தட்டுகிறவன் இல்லை. டிராக்டர் வைத்திருந்தான்.

அப்போதுதான் செல்போன் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்தது. பேசினால் காசு போகும் என்று மிஸ்டு கால் விடுகிற காலம். அவளிடமிருந்து ஒன்று வந்தால் சாப்பிட்டாச்சு, இரண்டு வந்தால் நினைத்துக்கொண்டிருக்கிறேன், மூன்று வந்தால் அப்பா பக்கத்தில் இருக்கிறார். சில நாள் ஏழெட்டு வரும். அதற்கு என்ன அர்த்தம் என்று அவன் சொல்லவும் மாட்டான், நாங்கள் விடவும் மாட்டோம்.

அவன் அடித்த முதல் அடியைப் பார்த்த அன்றே நான் கவிழ்ந்துவிட்டேன். டீக்கடையில் உட்கார்ந்து, "இனிமே கப்பு நம்மளுதுதான்," என்று அடித்துச் சொன்னேன்.

"ஒத்த ஆளு வந்து இன்னாடா கிழிப்பான்? ஆறு பேரு ஆட்டம்டா இது," என்றார் மேஸ்திரி.

"அடிக்க ஆளு இல்லாமதான் தோத்துக்கினு இருந்தோம். இப்போ ஆளு வந்துட்டான். இனிமே நாம சும்மா நின்னாலே போதும்."

"சும்மா நிக்கறதுலதான நாம கெட்டிக்காரங்க!"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "இவன் இருந்தும் தோத்தா மீசைய எடுத்துடறேன் மேஸ்திரி," என்று சொல்லிவிட்டேன். வாய் இருக்கிறதே, சனியன்!

அடுத்த வாரமே பெயின்ட் கம்பெனியோடு சும்மா ஒரு ஆட்டம் வைத்தார்கள். எங்கள் ஆறில் ஒருவன் அவனுக்கு இடம் விட்டு வெளியே உட்கார்ந்தான். முதல் பந்தை அவன் அடித்தபோது எதிர்ப்பக்கம் இரண்டு பேர் தலையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். இரண்டாவது அடியில் பந்து மதில் தாண்டிப் போய் கருவேல முள்ளில் மாட்டியது. நான் சத்தம் போட்டே தொண்டையைக் கெடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தப் பாவிகள் சுதாரித்துவிட்டார்கள். பந்தை அவன் பக்கமே அனுப்பவில்லை. எங்கள் பக்கம், அதுவும் ஒரு அடி தள்ளித் தள்ளிப் போட்டார்கள். நாங்கள் வழக்கம்போல் குதித்தோம். அவன் தனியாக நாலு மூலைக்கும் பறந்து விழுந்து எடுத்தான். ஆனால் வாலிபாலில் எடுத்தவனே உடனே அடிக்க முடியாது. இன்னொருவன் பந்தை நெட் பக்கத்தில் தூக்கிக் கொடுக்க வேண்டும். தூக்கிக் கொடுக்க வேண்டிய நாங்கள் கோர்ட்டுக்கு வெளியே குதித்து நின்றுகொண்டிருந்தோம்.

தோற்றோம். சலூனில் மேஸ்திரி பக்கத்திலேயே நின்று, "இந்தப் பக்கம் கொஞ்சம் மிச்சம் இருக்கு பாருப்பா," என்று மேற்பார்வை பார்த்தார். வீட்டுக் கதவைத் திறந்த என் மனைவி, "யாரு வேணும்?" என்று கேட்டுவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

மறுநாள் மதிலோரம் அவன் குந்தியிருந்தான். முகத்தில் ஈயாடவில்லை. "நைனா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பந்து வந்தா ஏன் எல்லாரும் குதிக்கிறீங்க?" என்றான்.

"குதிக்காம எப்பிடிப்பா?" என்றார் மேஸ்திரி. அவருக்கு அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை. "நாளைக்கு மில்லுக்குள்ள வா. காட்றேன்."

குடோன்காரன் என்பதால் அவன் அதுவரை உருளை ஓடுவதைப் பார்த்ததில்லை. வந்தான். தூணோரம் நின்று அரை ஷிப்டு கண் கொட்டாமல் பார்த்தான். கம்பி ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது, நாங்கள் கவ்வுகிறோம், சொருகுகிறோம், நடுவில் சினிமாக் கதை பேசுகிறோம், ஒன்றுகூடத் தவறவில்லை. பிறகு ஒரு கம்பி வழி தவறியது. ஆறு பேரும் ஒரே குதி. அவனும் குதித்தான். எங்களை எல்லாம்விட நாலடி அதிகமாகக் குதித்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிவிட்டான். மேஸ்திரிக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது.

தொப்பலாக நனைந்து நின்றவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "நைனா! நேரா வந்ததுல ஒண்ணுகூட வுடலியே நீங்க!" என்று கத்தினான். "ஒரே எடத்துக்கு, ஒரே நேரத்துக்கு வந்தா கண்ண மூடிக்கினு புடிக்கிறீங்க. அப்போ அந்த எடத்துக்குப் பந்தக் கொண்டாந்து குடுத்தா அடிச்சிட மாட்டீங்க?"

"யாரு கொண்டாந்து குடுப்பா?" என்றேன்.

"நான்தான்," என்றான்.

அன்றையிலிருந்து அவன் அடிப்பதை விட்டுவிட்டான். பகல் இரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்ததும் கோர்ட்டில் சுண்ணாம்புத் தூளால் கட்டம் போட்டான். மில்லில் அவரவர் நிற்கும் தகடு மாதிரி ஆளுக்கு ஒரு கட்டம். கட்டத்துக்குள் எந்த மூலைக்கு வந்தாலும் அது உன் கம்பி, எடுத்து மேலே தள்ளிவிடு, எங்கே போனாலும் ஓடிப்போய்ப் பிடிப்பது அவன் பாடு. எங்கள் கால்களுக்கு அந்தக் கோடு புரிந்தது. முதல் இரண்டு நாள் குதித்தோம். பிறகு கட்டத்தின் ஓரத்தில் வந்து கால் தானாக நின்றது, சுண்ணாம்பு அழிந்த பிறகும் நின்றது.

உயரமாக இருக்கிறேன் என்பதற்காக என்னை அடிக்கச் சொன்னான். "நீ பந்தப் பாக்காத நைனா. நான் 'ஹே'ன்னு குரல் குடுத்ததும் குதிச்சு, கைய ஓங்கி எறக்கு. பந்து அங்க இருக்கும்."

நான் நம்பவில்லை. குதித்தேன், கையை இறக்கினேன். பந்து அங்கே இருந்தது! படீரென்று ஒரு சத்தம். பந்து அந்தப் பக்கம் தரையில் பட்டு எகிறியது. அம்மாடி! என் கையா அது? இன்னொரு முறை. அங்கேயே இருந்தது. இன்னொரு முறை. அன்றைக்கு வெயிலில் இரண்டு மணி நேரம் அடித்தேன். ராத்திரி சோற்றுக் கையைத் தூக்க முடியவில்லை, என் மனைவி சாதம் பிசைந்து கொடுத்தாள். ஆனாலும் சிரித்துக்கொண்டேதான் சாப்பிட்டேன்.

மேஸ்திரிக்கு மட்டும் ஒரு கவலை. "நீ அடிக்கலன்னா மேனேஜர் கண்ணுக்கு நீ தெரிவியாடா?" என்று அவனைக் கேட்டார்.

"கப்பு தெரியும்ல நைனா," என்றான்.

ஆயுத பூஜை முடிந்து போட்டி ஞாயிற்றுக்கிழமை வந்தது, வானம் மூட்டமாக இருந்தது. ஆனால் மழை இல்லை. முதல் ஆட்டம் கண்ணாடிக் கம்பெனியோடு. வழக்கம்போல் ஒரு அடி தள்ளிப் போட்டார்கள். மேஸ்திரி கட்டத்தின் ஓரத்துக்குப் பாய்ந்து எடுத்தார். அது கோணலாக எங்கேயோ போயிற்று. பள்ளிப்பட்டுக்காரன் பறந்துபோய் அதைத் தூக்கினான், "ஹே!" என்றான், நான் குதித்துக் கையை இறக்கினேன். படீர்! எங்கள் மில்காரர்கள் போட்ட கூச்சல் ரயில்வே ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும்.

ஜெயித்தோம். எங்களுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஜெயித்தால் கை குலுக்க வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் நேராகப் பிரியாணிக் கடைக்குக் கிளம்பிவிட்டோம். "யோவ், அடுத்த ஆட்டம் இருக்குய்யா!" என்று பின்னாலேயே ஓடிவந்து கூப்பிட்டார்கள்.

பெயின்ட் கம்பெனியையும் அடித்தோம். பைனல் டயர் கம்பெனியோடு. மேனேஜர் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக் கோட்டருகே போட்டு உட்கார்ந்துகொண்டார். ஆட்டம் பூராவும் அவனைப் பார்த்து, "டேய், நீ அடிடா! உன்னை எதுக்கு எடுத்தேன்? சும்மா தூக்கித் தூக்கிப் போட்டுக்கிட்டு!" என்று கத்திக்கொண்டிருந்தார். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆளுக்கு ஒரு செட் ஆகி, கடைசி செட்டில் பாயின்ட் ஒட்டி ஒட்டிப் போனது. அவன் முழங்கால் இரண்டும் தேய்ந்து ரத்தம் வழிந்தது. கடைசிப் பந்தை எங்கள் ஆள் ஒருவன் நேராகப் பின்னால் தள்ளிவிட்டான். போச்சு என்று நினைத்தேன். கூட்டத்துக்குள்ளிருந்து "ஹே!" என்று குரல் கேட்டது. நான் யோசிக்கவில்லை. குதித்தேன். பந்து அங்கே இருந்தது.

என்னைத் தோளில் தூக்கிவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மேனேஜர் ஓடிவந்து தொங்கிய என் காலைக் கட்டிப்பிடித்து, "நீதாண்டா ஹீரோ! இத்தனை நாள் எங்கடா இருந்தே?" என்றார். அப்புறம் அவன் பக்கம் திரும்பினார். "தம்பி, நான் உன்கிட்ட எதிர்பார்த்தது வேற. ஒரு அடி, ஒரே ஒரு அடிகூட நீ அடிக்கலையே. கப்பு வந்தது இவனாலதான். நம்ம கம்பெனியிலேயே இப்படி ஒருத்தன் இருக்கும்போது எனக்கு வெளியாள் எதுக்கு? நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

அவன் பந்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். நான் அந்த இடத்திலேயே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. தோள் மேல் உட்கார்ந்திருந்த எனக்கு, ஒருவேளை நிஜமாகவே நான்தானோ என்று தோன்றிவிட்டது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

மேஸ்திரி என்னைக் காலைப் பிடித்துக் கீழே இழுத்தார். "சார், ஒரு நிமிஷம். டேய் ஹீரோ, நான் தூக்கறேன். நீ அடிச்சுக் காட்டு."

"இன்னா மேஸ்திரி, பெரிய விஷயமா இது?" என்று நானும் கையை உதறிக்கொண்டு போனேன். அவர் தூக்கினார். குதித்து ஓங்கி இறக்கினேன். காற்று. பந்து எனக்குப் பின்னால் விழுந்தது. கூட்டம் ஹோவென்றது. இரண்டாவது முறை நான் இறங்கிய பிறகு பந்து சாவகாசமாக வந்து என் உச்சந்தலையில் உட்கார்ந்து எகிறியது. மூன்றாவது முறை ஆன மட்டும் பலத்தைக் கூட்டி அடித்தேன். பந்து பக்கவாட்டில் போய் கூல்டிரிங்ஸ் மேஜையில் நாலு பாட்டிலைச் சாய்த்தது. மேனேஜர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் மானம் கப்பலேறியது, ஆனால் எனக்கே சிரிப்பு தாங்கவில்லை.

"இப்போ அவன் தூக்கட்டும்," என்றார் மேஸ்திரி.

அவன் தூக்கினான். "ஹே!" படீர்.

மேனேஜரின் சிரிப்பு நின்றது. "அதெப்படி?" என்றார்.

"நீங்களே வந்து அடிச்சுப் பாருங்க சார்," என்றார் மேஸ்திரி.

"நானா? யோவ், நான் ஸ்கூல்லகூட பந்தைத் தொட்டதில்லய்யா."

"அதான் சார் வேணும்," என்றேன் நான். இந்த முறை வாய் சரியான நேரத்தில் திறந்தது.

மேனேஜர் ஷூவைக் கழற்றினார். பேன்ட்டை மடித்துவிட்டார். தொப்பை முன்னால் வர, நெட்டிலிருந்து நாலடி தள்ளி நின்றார். "குதிக்கல்லாம் வேணாம் சார். நிக்கற எடத்துலயே நில்லுங்க. என் குரல் கேட்டதும் கைய வீசுங்க," என்றான் அவன். பந்தைத் தூக்கினான். "ஹே!" மேனேஜர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை வீசினார். பந்து நெட்டை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நட்ட நடுவில் விழுந்தது.

மேனேஜர் கண்ணைத் திறந்தார். தன் உள்ளங்கையைப் பார்த்தார். "போச்சா? அந்தப் பக்கம் போச்சா?" என்று எல்லாரையும் கேட்டார். "போச்சு சார்!" என்று டயர் கம்பெனிக்காரர்களே கத்தினார்கள். "இன்னொண்ணு!" என்றார். அதுவும் போனது. "இன்னொண்ணு, இன்னொண்ணு!" கப்பு கொடுக்க வந்த பெரிய மனிதர் மாலையோடு காத்துக்கொண்டு நிற்கிறார், இவர் சட்டை வெளியே வந்து, வியர்வை ஊற்ற, சின்னப் பிள்ளை மாதிரி அடித்துக்கொண்டே இருக்கிறார். ஏழோ எட்டோ அடித்த பிறகு மூச்சு வாங்க அவன் தோளில் கையை வைத்து நின்றார்.

"தம்பி, நாளைக்குக் காலையில ஆபீஸுக்கு வா. உன் ஆர்டர்ல நானே கையெழுத்துப் போடறேன்," என்றார். "சரி, கடைசியா ஒண்ணே ஒண்ணு தூக்கிப் போடு."

அவன் தலையை ஆட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். பந்தைத் தூக்கினான். அது அவர் தலைக்கு மேலே, எங்கள் எல்லார் தலைக்கும் மேலே, மதிலைத் தாண்டி எங்கேயோ போனது. மேனேஜர் வெறுங்கையை வீசி ஒரு சுற்று சுற்றிவிட்டு, "எங்கப்பா பந்து?" என்றார். அன்று முழுக்க அவன் தூக்கியதில் கோணலாகப் போனது அது ஒன்றுதான். அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். நாங்கள் அவன் மேல் விழுந்து அமுக்கினோம்.